வெளுக்காத மஞ்சள்

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவரை எல்லோரும் சந்தியக்கா என்று கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்கள், பெயர் சந்தியா போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது சந்திப்பிழையிலிருந்து வந்த பட்டப்பெயர். 'படித்து பார்த்தேன்' என்று எங்காவது ஒற்று விழாமல் கிடந்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது. நடுவில் ஒரு 'ப்' போட்ட பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார். ஒருமுறை அவசர வேலையில் முதலாளி பொறுமையிழந்து, "ஒரு புள்ளிதானேம்மா, விட்டா என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்டார். "விஷம்கூட ஒரு சொட்டுதான் சார்" என்றார் அக்கா, தாளிலிருந்து தலையைத் தூக்காமல். எல்லோரும் சிரித்தோம். பிற்பாடு அந்த ஒரு வரியை இன்ஸ்பெக்டர் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

என் வேலை பக்கம் வடிவமைப்பது. எனக்கு எதிர் மேஜை அக்காவுடையது. அதில் ஒரு தகரச் சிமிழில் ஈரப் பஞ்சு இருக்கும். பக்கம் புரட்ட அதில்தான் விரலைத் தொட்டுக்கொள்வார். வேறு யாராவது நாக்கில் விரல் வைத்துத் தாளைப் புரட்டினால் போச்சு. "உங்க எச்சிலை நான் ஏன் படிக்கணும்?" என்று கேட்டுவிடுவார். கை கழுவாமல் எதையும் வாய்ப்பக்கம் கொண்டுபோகாத மனுஷி.

நாவல்களை அவர் படிக்கும் விதம் தனி. "கதையைப் படிச்சா எழுத்து தப்பிச்சிடும். எழுத்தைப் படிச்சா கதை தப்பிச்சிடும். எனக்குச் சம்பளம் எழுத்துக்கு" என்பார். அப்படி எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போகிறவர் மனதில் ஆட்கள் தங்க மாட்டார்கள், சாமான்கள் தங்கும். கதாநாயகி கோபித்துக்கொண்டு எழுந்து போய், பல அத்தியாயம் தாண்டி வேறு ஊரில் வேறு ஆளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பாள். அக்காவுக்கோ அவள் மேஜையில் விட்டுப்போன தம்ளர்தான் கவலை. "எழுத்தாளர் பாட்டுக்கு அவளைக் கூட்டிட்டுப் போயிட்டார். தம்ளரை யார் எடுத்துக் கழுவுறது?"

விட்டுப்போன அந்தச் சாமான்களைத்தான் அவர் வரைய ஆரம்பித்தார். படகோட்டி ஒருவன் திரும்பி வராத கதையிலிருந்து, அவன் மூலையில் சுருட்டி வைத்த கயிறும் இரண்டு வெங்காயமும். வேலை போன குமாஸ்தாவின் கதையிலிருந்து, மைப்புட்டி மேல் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி. எந்தப் படத்திலும் மனிதர் கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு, யாரோ இப்போதுதான் எழுந்து போனார்கள், இனி வரப்போவதில்லை என்று தோன்றிவிடும். "அக்கா வரைஞ்சா பழம்கூடத் துக்கம் கேக்க வந்த மாதிரி உக்காந்திருக்கு" என்பார் எங்கள் பைண்டர். அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

கடை வண்ணங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. அதில் எல்லாப் பழமும் பிளாஸ்டிக் பழமாக வருகிறது என்பார். செங்கல்லை இடித்துச் சிவப்பு, விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, முட்டை ஓட்டிலிருந்து வெள்ளை, துருப்பிடித்த ஆணியைப் புளிக்காடியில் ஊறவைத்துப் பழுப்பு என்று எல்லாவற்றையும் தானே செய்துகொண்டார். முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்துத்தான் பூசுவார். இரண்டாம் மாடியில் அவர் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி காயப்போடும் பால்கனி. அந்தப் பால்கனியில் ஒரு மேஜை போட்டு, விடுமுறை நாட்களில், எதிர்வீட்டுச் சுவரில் வெயில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் வரைவார்.

எல்லா நிறமும் படிந்தது, மஞ்சள் மட்டும் நிற்கவில்லை. மஞ்சள் தூளில் பூசினார், பூ இதழை வேகவைத்துப் பார்த்தார். முதல் வாரம் தகதகவென்று இருக்கும். அப்புறம் வெயில் அதை மெல்ல நக்கித் தின்றுவிடும். "மத்ததெல்லாம் வீட்டோட இருக்கு, மஞ்சள் மட்டும் ஓடுகாலி" என்று சலித்துக்கொள்வார்.

அவர் கணவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில், லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி ஓரம் தீட்டுகிற வேலை. ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். ஆனால் மனைவி வரைகிற படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மடை திறந்துவிடும். குழந்தை இல்லாத வீடு. அந்தப் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து மாட்டுவதெல்லாம் அவர்தான். வண்ணம் அரைக்கிற வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கடைக்கு அவர் பத்து மணிக்குமேல் போனால் போதும். அக்கா அதற்கு முன்பே அச்சகத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த இடைவெளியில், தடித்த கண்ணாடிப் பலகையில் குழவி மாதிரியான ஒரு கல்லை வைத்து உட்கார்ந்து அரைப்பார். அக்கா வரும்போது புட்டியில் பொடி தயாராக இருக்கும். விரலில் எடுத்தால் பவுடர் மாதிரி வழுக்கும். "எப்படிங்க இவ்வளவு நைசா வருது?" என்று கேட்டால், "கண்ணாடி தேய்ச்ச கை" என்று மட்டும் சொல்வார்.

அவருடைய அக்கா, அதாவது சந்தியக்காவின் நாத்தனார், பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்தார். மூடிப்போன ஒரு சுரங்கத்தின் குவார்ட்டர்ஸ். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்தவர். அந்த அம்மா அந்த வீட்டை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு விடுமுறையில் இருவரும் அவரைப் பார்க்கப் போனார்கள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவு மேடு ஒன்று சின்னக் குன்று மாதிரி நிற்குமாம். புல்கூட முளைக்காத மேடு. மழை பெய்து முடிந்த காலையில் அதன் ஓரமாக நடந்துபோன அக்கா அப்படியே நின்றுவிட்டார். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே ஒரு கல், ஏடு ஏடாகப் பிரிந்து, பொன் மாதிரி மின்னியது. மேலே அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் கீறினார். எலுமிச்சம்பழத் தோல் நிறம்.

"அண்ணி, இதை எடுத்துக்கலாமா?"

"குப்பை. உனக்கு எவ்வளவு வேணுமோ அள்ளிட்டுப் போ" என்றார் நாத்தனார்.

ஒரு துணிப்பை நிறைய எடுத்து வந்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் அச்சகத்தில் ஒரு நாவல் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி. வியாபாரி ஒருவனின் மனைவி அவனுக்குத் தினமும் பாலில் ஒரு சிட்டிகை விஷம் கலந்து கொடுக்கிறாள். அவன் வாடி வாடிச் சாகிறான். கடைசிவரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. அவள் வாசலில் வந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொல்வதோடு கதை முடிகிறது. அக்காவுக்கு அந்த நாவலில் பிடித்தது ஒரே ஒரு மேஜை. பாதி குடித்த பால் தம்ளர், அதன் விளிம்பில் ஆடை ஒட்டிய தடம், பக்கத்தில் ஒரு ஸ்பூன், அவள் தனக்குப் பிழிந்துகொண்ட எலுமிச்சையின் பாதி.

அந்த எலுமிச்சையைப் புது மஞ்சளில் போட்டார். படத்தை அவர் கொண்டுவந்து பிரித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தம்ளர் சாதாரணத் தம்ளர், ஸ்பூன் சாதாரண ஸ்பூன். அந்த அரை எலுமிச்சை மட்டும் விழித்துக்கொண்டு நம்மையே பார்க்கிற மாதிரி இருந்தது. பைண்டர்கூட ஜோக் அடிக்கவில்லை. "இதை மூடி வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதலாளி மட்டும் கைதட்டினார். நாவலுக்கு அட்டைப்படம் அதுதான் என்று அங்கேயே முடிவு செய்தார்.

புத்தகம் வந்ததை ஒட்டி, நூலகத்தின் வாசிப்பு அறையில் அக்காவின் படங்களை மாட்டி ஒரு கண்காட்சி வைத்தார்கள். கண்ணாடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து வாசலிலேயே நின்றார். வந்த ஒவ்வொருவரையும் அந்த எலுமிச்சைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "அந்த மஞ்சள் மட்டும் ஏன் தனியா தெரியுதுன்னு பாத்தீங்களா? நான் அரைச்சது" என்றார். சட்டை அவர் தோளில் ஹேங்கரில் தொங்குவது போலத் தொங்கியது. இளைத்துவிட்டாரே என்று நான் கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றார். கிட்டே நின்றபோது பூண்டு வாசனை அடித்தது. மதியம் என்ன சாப்பாடோ என்று நினைத்துக்கொண்டேன். அக்காவும் அதே வாசனையைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னார். வீட்டில் பூண்டு வாங்கி ரொம்ப நாள் ஆகிறதாம். அவர் மூச்சில் மட்டும் அடிக்கிறதாம்.

அதற்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. சாப்பிட்டது தங்கவில்லை. உள்ளங்கை தடித்துத் தோல் உரிந்தது. பாதம் எரிகிறது என்று ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தார். கழுத்திலும் மார்பிலும் மழைத் துளி விழுந்த புழுதி மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். அக்கா காரத்தை நிறுத்தினார், எண்ணெயை நிறுத்தினார், குழையக் குழையச் சோறு வடித்துக் கொடுத்தார். ராத்திரி படுக்கும் முன் ஒரு தம்ளர் பால் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அத்தனை வாதையிலும் காலையில் கொஞ்சம் தெம்பு வந்தால் அவர் பலகை முன்னால் உட்கார்ந்துவிடுவார். அக்கா மூக்கில் துணி கட்டச் சொல்லியிருந்தார், தூசி பறக்காமல் தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்லியிருந்தார். எல்லாம் சரி என்று தலையாட்டுவார்.

ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய விரல்களை விரித்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பிறகு அக்காவைப் பார்த்து, "வீட்ல சமையல் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"வேற யாராவது?"

"நாங்க ரெண்டு பேர்தான் டாக்டர்."

சிறுநீரையும் முடியையும் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆர்சனிக் என்கிற விஷம் இருப்பதாக வந்தது. மூச்சில் அடித்த பூண்டு வாசனையும் அதனால்தானாம். அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாடு உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. அக்கா கொண்டுபோன கஞ்சிப் பாத்திரத்தை நர்ஸ் வாசலிலேயே மறித்து, மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதை நான் பார்த்தேன். கோபம் இல்லை, அழுகை இல்லை. தெரியாத பாஷையில் யாரோ ஏதோ சொல்லிவிட்டுப் போனதுபோல நின்றார்.

நாத்தனார் மறுநாளே வந்து சேர்ந்தார். தம்பியின் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் அசையவில்லை. பொழுது போகவேண்டுமே என்று, தம்பி பெருமையாகத் தலைமாட்டில் வைத்திருந்த அந்த நாவலை எடுத்துப் படித்திருக்கிறார். படித்து முடித்ததும் அட்டையைத் திருப்பித் தம்ளரைப் பார்த்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்தார்.

"இதை நீதானே வரைஞ்சே?"

"ஆமா அண்ணி."

"உள்ளே இருக்கிறதைப் படிச்சுட்டுத்தானே வரைஞ்சே?"

அக்காவுக்கு என்ன கேட்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வாய் திறக்கும் முன்பே நாத்தனார் சொல்லிவிட்டார்: "இனிமே இந்த வாசப்படி தாண்டி உள்ள வராதே. தெய்வம்னு ஒண்ணு இருந்தா அது உன்னைப் பார்த்துக்கும்."

போலீஸில் சொன்னதும் அவர்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சத்தம் போடாத, மரியாதையான அம்மா. அதுவே இன்னும் பயமாக இருந்தது. வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, உப்பு, பால் பாத்திரம் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். ஒன்றிலும் விஷம் இல்லை. பால்கனியிலிருந்த வண்ணப் புட்டிகளையும் எடுத்துப் போனார்கள். மஞ்சள் புட்டியில் இருந்தது. இருந்தது என்ன, புட்டி முழுக்க அதுதான்.

அகராதியில் அந்தக் கல்லுக்குப் பெயர் உண்டு: அரிதாரம். நாடகக்காரர்கள் முகத்தில் பூசுவது என்று எத்தனையோ நாவல்களில் வந்து போகிற சொல். றகரம் போட்டு எழுதியவர்களை எல்லாம் அக்கா திருத்தியிருக்கிறார். அந்த அரிதாரம் இந்தக் கல்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் நம்புகிற இடத்தில் அவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "அவர் அரைச்சார்ங்கிறீங்க. மூக்குல துணி கட்டி, தண்ணி விட்டு அரைச்சார்ங்கிறீங்க. நீங்க அதை மாசக்கணக்கா குழைச்சுப் பூசியிருக்கீங்க. உங்க ரத்தத்துல பேருக்குத்தான் இருக்கு. அவருக்கு மட்டும் எப்படிம்மா உடம்பு முழுக்கப் போச்சு?"

கண்ணாடிக்காரரையும் கேட்டார்கள். நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்த நேரம். "அவ ஒண்ணும் பண்ணல. நான் அரைச்சேன், அவ்வளவுதான்" என்றாராம். அந்த நாவலில் சாகப்போகும் கணவனும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வான் என்று நாத்தனார் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

அச்சகத்திலும் காற்று மாறியது. அக்கா வழக்கமாகச் சாயங்காலம் எல்லோருக்கும் பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். அந்த வாரம் ஒருவருக்கு வயிறு சரியில்லை, இன்னொருவருக்கு டீ நிறுத்தச் சொல்லி டாக்டர் உத்தரவு, பைண்டருக்குத் தலைவலி. பிளாஸ்க் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் அக்கா அதைக் கொண்டுவரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை நானும் அவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். அவர் திடீரென்று, சாலையைப் பார்த்தபடியே, "வீட்ல எல்லாத் தம்ளரையும் காலைல ஒருவாட்டி கழுவுறேன், சாயங்காலம் ஒருவாட்டி கழுவுறேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் கதையைப் படிக்கிறதில்லேன்னு நினைச்சிட்டிருந்தேன். ஒருவேளை படிச்சிருக்கேனோ? எனக்கே தெரியாம அது உள்ள போய், என் கையைப் பிடிச்சு ஏதாவது செய்ய வச்சிருக்குமோ?" என்று கேட்டார்.

"என்னக்கா பேசுறீங்க?" என்றேன்.

"இல்ல. எல்லாரும் அவ்வளவு நிச்சயமா இருக்காங்க. நான் மட்டும்தான் நிச்சயமா இல்ல."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ இன்ஸ்பெக்டர் அவரைக் கைது செய்துவிடுவார் என்று முதலாளிக்குத் தகவல் வந்தது. அவர் வேறு ஆள் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் வெளிப்பட்டது ஆஸ்பத்திரி வார்டில், பட்டப் பகலில். இதை எனக்குச் சொன்னது நாத்தனாரே. மருந்து ஏற்றி ஏற்றிக் கண்ணாடிக்காரர் கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். தொண்டை புண்ணாகியிருந்ததால் மாத்திரையை முழுசாக விழுங்க முடியவில்லை. நர்ஸ் அதை ஒரு கிண்ணத்தில் போட்டு ஸ்பூனின் பின்பக்கத்தால் நசுக்கி, தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார். கண்ணாடிக்காரர் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் பொடியைத் தொட்டார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். பிறகு அந்த விரலை முன்பல்லுக்கும் நாக்கு நுனிக்கும் நடுவே வைத்து, மெல்லக் கடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார்.

"இன்னும் கொஞ்சம் அரைக்கணும்மா. பல்லுல கரகரங்குது."

நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தம்பி, இப்ப என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்?"

"பொடியை வாயில வச்சியே."

"நைசா இருக்கான்னு பாத்தேன். விரலுக்குத் தெரியாதது பல்லுக்குத் தெரியும்."

"அந்த மஞ்சளையும் இப்படித்தான் பாத்தியா?"

கண்ணாடிக்காரர் தன் விரலைப் பார்த்தார். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போல இருந்தது. அரைத்த நாளெல்லாம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, கரகரப்பு அடங்கும் வரை. துணியைக் கீழே இறக்கிவிட்டு, விரலை வாயில் வைத்து, பிறகு துணியை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு. கடையில் தேய்ப்புப் பொடியையும் அவர் அப்படித்தான் பார்ப்பாராம். உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்து செய்து விட்டுவிட்டார்கள்.

"அவகிட்ட சொல்லாதேக்கா" என்றார் கடைசியில். "எச்சில்னா அவளுக்கு ஆகாது."

நாத்தனார் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தார். வராந்தா பெஞ்சின் கோடியில் சந்தியக்கா உட்கார்ந்திருந்தார். உள்ளே விடாவிட்டாலும் தினமும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவது வழக்கம். நாத்தனார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னார். அக்கா கேட்டு முடித்துவிட்டு முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நாத்தனார் தோளைத் தொட்டால், அக்கா முனகிக்கொண்டிருந்தது வேறு: "நைசா இருக்குன்னு நான்தான் தினம் பாராட்டினேன். நான்தான் பாராட்டினேன்."

"நான் பேசினதை நீ மன்னிக்க வேணாம்" என்றார் நாத்தனார். "இன்ஸ்பெக்டர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். இப்பவே போறேன்."

எழுந்தவரின் கையை அக்கா பிடித்துக்கொண்டார். விடவில்லை. சமாதானத்துக்குப் பிடிக்கிறார் என்றுதான் நாத்தனார் முதலில் நினைத்தார். ஆனால் அக்கா அந்தக் கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் கற்றுக்கொண்ட பார்வை அது. நாத்தனாரின் நகங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடின. உள்ளங்கையில் காய்ப்பு. வீட்டு வேலை செய்த கை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது.

"அண்ணி, உங்களுக்குப் பாதம் எரியுமா?"

"வயசானா எரியாதா?" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்தார்.

டாக்டர் அவருக்கும் சோதனை செய்தார். கல்லின் மேலே பூத்திருந்த வெள்ளைதான் மஞ்சளைவிடக் கொடியது, மழையில் கரைந்து நிலத்தில் இறங்கும் என்று சொன்னார். குவார்ட்டர்ஸில் குடிப்பதற்கு எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்டார். மேட்டுக்குக் கீழே இருக்கிற கிணற்றிலிருந்து என்றார் நாத்தனார். சுரங்கத்தில் வேலை பார்த்த கணவர் வயிற்று வலியிலும் தோல் வியாதியிலும் செத்தார் என்பதையும் அப்போது சொன்னார். யாரும் அதுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வழக்கு எழுதப்படவில்லை. இன்ஸ்பெக்டர் மஞ்சள் புட்டியையும் மீதிக் கல்லையும் சீல் வைத்து எடுத்துப் போனார். போகும்போது, "நானும் ரொம்ப நிச்சயமா இருந்தேம்மா" என்றார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரர் பிழைத்தார். ஆனால் விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பவில்லை. லென்ஸ் தீட்டும் வேலை இனி முடியாது. கடைக்காரர் அவரை முன்னால் உட்கார வைத்து, வருகிறவர்களுக்குச் சட்டம் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். நடக்கும்போது செருப்பு கழன்று போனால் அவருக்குத் தெரியாது. இரண்டு கடை தாண்டிய பிறகு யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "செருப்புக்கு என்னைப் பிடிக்கல" என்று சிரிப்பார். அக்கா அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வதில்லை. வீட்டில் எதைச் சமைத்தாலும் அவருக்கும் நாத்தனாருக்கும் பரிமாறும் முன் ஒரு வாய் எடுத்து, அவர்கள் பார்க்கத் தான் முதலில் சாப்பிடுவார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "போதும், உக்காரு" என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார். அவரும் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார், மருந்து சாப்பிட்டுக்கொண்டு.

நாவல் இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது அக்கா அட்டையை மாற்றச் சொல்லி முதலாளியிடம் ஒரே ஒருமுறை கேட்டார். அந்த அட்டையால்தான் விற்கிறது என்று அவர் மறுத்துவிட்டார்.

மழைக்காலம் முடிந்ததும், நாத்தனாரின் சாமான்களை எடுத்துவர அக்காவும் அவரும் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். டாக்டர் மேலிடத்துக்குச் சொல்லி, சில வாரம் லாரியில் தண்ணீர் வந்ததாம். பிறகு நின்றுவிட்டது. கிணற்றின் மேல் யாரோ கட்டியிருந்த முள்கம்பியை யாரோ அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போலக் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கிட்டே போய், இதைக் குடிக்காதீங்க, இதில் விஷம் இருக்கு என்றார்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறந்ததுலேர்ந்து இதைத்தான் குடிக்கிறோம். நல்லாத்தானே இருக்கோம்?" என்று கேட்டாள்.

அக்கா அவள் கையைப் பார்த்தார். நகங்களில் அதே வெள்ளைக் கோடுகள். பிறகு நாத்தனாரைப் பார்த்தார். சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இருவரும் முதல் வரிசையின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.